டிஸ்க்கை மாற்றினால் லைசென்ஸ் போய்விடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுவது கால் மணி நேர வேலை. அடிமூடியில் பத்துப் பன்னிரண்டு திருகு, உள்ளே ஒரு கேபிள், அவ்வளவுதான். மறுநாள் காலைதான் போன் வரும். "அண்ணே, விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணுன்னு மூலையில எழுதியிருக்கு." "சார், டேலி எஜுகேஷனல் மோடுன்னு காட்டுது, பில் போட முடியல." கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் போன்கள் பழகிப்போனவை. எந்த மென்பொருளின் லைசென்ஸ் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டிஸ்க்கைக் கழற்றும் முன்பே கேட்டிருந்தால் இவற்றில் முக்கால்வாசி வந்திருக்காது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எஸ்.எஸ்.டி. போட்டால் விண்டோஸ் புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். டிஸ்க் மட்டும் மாறினால் விண்டோஸ் 10, 11 இரண்டும் அதை அதே கம்ப்யூட்டராகவே எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு மாறினால்தான் சிக்கல். "டிஸ்க் போச்சுன்னா ஒரிஜினல் விண்டோஸும் போச்சு, புது கீ வாங்கணும்" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பின்னே எதைப் பார்த்து "இது அதே மெஷின்தான்" என்று கண்டுபிடிக்கிறது?

இது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் லைசென்ஸ் போகும் என்ற பயமே ஒரு பழைய காலத்தின் மிச்சம்தான்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுக் கணினிகளில் ஆக்டிவேஷன், அதாவது உரிமம் சரிதான் என்று கம்பெனியிடம் உறுதி செய்துகொள்வது, பரவலானது. நிறுவிய 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அது கணினியின் பத்து அம்சங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும்: பிராசஸர் வகை, அதன் வரிசை எண், ரேம் அளவு, டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (அந்தக் கார்டுக்கே உரிய எண்), சிடி டிரைவ், ஐடிஇ கன்ட்ரோலர், ஸ்கஸி கன்ட்ரோலர், ஹார்ட் டிஸ்க், அந்த ஹார்ட் டிஸ்க்கின் வால்யூம் எண். கிட்டத்தட்ட ஓட்டெடுப்பு மாதிரி. பாகங்கள் ஒன்றிரண்டு மாறினால் விட்டுவிடும், அதிகம் மாறினால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். பத்தில் இரண்டு ஓட்டு ஹார்ட் டிஸ்க்கின் கையில் இருந்தது. டிஸ்க்கோடு ரேமும் டிஸ்ப்ளே கார்டும் மாற்றியவர்கள் அன்று மாட்டிக்கொண்டார்கள், பேச்சு இன்றுவரை நிற்கிறது.

விண்டோஸ் 7 காலத்தில் பெரிய கம்பெனி லேப்டாப்புகளின் பயாஸிலேயே (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) ஓர் அடையாளம் எழுதப்பட்டிருந்தது. உள்ளே போட்டிருந்த கீ, அதாவது உரிமத்துக்கான எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை, அந்தக் கம்பெனியின் எல்லா மெஷினுக்கும் பொதுவானது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது வேறு கீ. ஸ்டிக்கர் அழிந்துபோய் லென்ஸ் வைத்துப் படித்த கதை பழைய டெக்னீஷியன் எல்லோரிடமும் இருக்கும்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததும் ஸ்டிக்கர் வேலை ஒழிந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கீ, அதுவும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டு வரும். டிஸ்க்கை ஃபார்மட் அடித்தாலும், தூக்கி எறிந்தாலும் கீ போர்டிலேயே இருக்கும். 2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10 இன்னொரு வழியையும் கொண்டுவந்தது. கீ எதுவும் இல்லாமல், "இந்த அடையாளம் கொண்ட கணினிக்கு உரிமம் உண்டு" என்று மைக்ரோசாஃப்ட் தன் சர்வரிலேயே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் டிஜிட்டல் லைசென்ஸ்.

என் விண்டோஸ் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விண்டோஸ் பொத்தானோடு ஆர் பொத்தானை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள். கடைசி மூன்று எழுத்து தமிழ்நாட்டில் யாருக்கும் மறக்காது. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, டி, எல், ஐ. என்டர். வரும் செய்தியில் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு சொல் இருக்கும். டி, எல், ஐ என்பதற்குப் பதில் எக்ஸ், பி, ஆர் என்று தட்டினால் ஆக்டிவேஷன் நிரந்தரமா, தேதி வைத்ததா என்று சொல்லும்.

ஓஇஎம் என்றால் லேப்டாப்போடு வந்தது. அந்த மெஷின் உயிரோடு இருக்கும்வரை செல்லும், வேறு மெஷினுக்குப் போகாது. ரீடெயில் என்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது. பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான். வால்யூம் என்றால் கல்லூரி, அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது. சொந்த லேப்டாப்பில் வால்யூம் என்று காட்டினால், அதை யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டிய நேரம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக 10க்கு மாறிய மெஷின்களும் ரீடெயில் என்றே காட்டும். அதை நம்பி அடுத்த கணினிக்கு எடுத்துப் போகலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

கீ கண்டுபிடிக்கும் மென்பொருள் போட்டுப் பார்த்து, கீயைக் குறித்து வைத்துவிட்டேன். போதுமா?

கடைசி ஐந்து எழுத்தைப் பாருங்கள். 3வி66டி என்றிருந்தால் அது விண்டோஸ் 10, 11 புரோவுக்கான பொதுக் கீ. 8எச்விஎக்ஸ்7 என்றிருந்தால் ஹோமுக்கான பொதுக் கீ. ஊரிலுள்ள கோடிக்கணக்கான மெஷின்களில் இதே கீதான் இருக்கும், இதற்கென்று தனி உரிமம் கிடையாது. நீங்கள் எழுதி வைத்த காகிதத்தால் பயன் இல்லை, அது இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை. உங்கள் உரிமம் சர்வரில் இருக்கிறது.

கீயைவிட முக்கியமாகச் செய்ய வேண்டியது வேறு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, "மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் லைசென்ஸ்" என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டிஜிட்டல் லைசென்ஸ் என்று மட்டும் இருந்தால் அங்கேயே கணக்கைச் சேர்த்துவிடுங்கள். இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து உண்டு. பின்னால் மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் இந்த இணைப்புதான் கைகொடுக்கும்.

புதிதாக ஓ.எஸ். போடும்போது கீ கேட்கிறதே, என்ன கொடுப்பது?

ஒன்றும் கொடுக்க வேண்டாம். "என்னிடம் கீ இல்லை" என்று கீழே சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். முன்பு என்ன பதிப்பு இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்தால் ஹோம், புரோ இருந்தால் புரோ. முடிந்ததும் நெட் கொடுத்தால் சில நிமிடங்களில் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

லேப்டாப் ஹோமோடு வந்து, நீங்கள் பின்னால் காசு கொடுத்துப் புரோவுக்கு மாறியிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். நிறுவும் மென்பொருள் போர்டிலுள்ள ஹோம் கீயைப் படித்துவிட்டு, உங்களைக் கேட்காமலேயே ஹோமைப் போட்டுவிடும். "என் புரோ போச்சு" என்று பதற வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்றும் இடத்தில் மேலே சொன்ன ஐந்து எழுத்தில் முடியும் புரோ பொதுக் கீயை முழுதாகக் கொடுத்தால் பதிப்பு மாறும். அந்த மெஷினுக்குப் புரோ உரிமம் ஏற்கெனவே இருப்பதால் ஆக்டிவேஷனும் வந்துவிடும்.

நிறுவும்போது புது எஸ்.எஸ்.டி.யே கண்ணில் படவில்லை என்றால் அது வேறு பஞ்சாயத்து. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்புகளில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு ஆனில் இருக்கும். அதற்கான இன்டெல் டிரைவரைப் பென் டிரைவில் தனியாகப் போட்டு வைத்துக்கொண்டு, நிறுவும் நேரத்தில் காட்ட வேண்டும். டிஸ்க் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

டேலி கணக்கு மென்பொருளுக்கு என்ன செய்ய வேண்டும்?

கழற்றும் முன் சரண்டர் செய்ய வேண்டும். விண்டோஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விண்டோஸ் ஃபார்மட்டைத் தாங்கும். டேலியின் லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட கணினியில் ஆக்டிவேட் ஆகி, அங்கே உட்கார்ந்துகொண்டிருப்பது. எஃப்1 அழுத்தி, லைசென்ஸ் பகுதிக்குப் போய், நெட் இருக்கும்போது சரண்டர் கொடுத்தால் அது கம்பெனியின் சர்வருக்குத் திரும்பிவிடும். புது டிஸ்க்கில் டேலியைப் போட்டு, சீரியல் எண்ணும் நிர்வாகியின் மின்னஞ்சலும் கொடுத்தால் அந்த மின்னஞ்சலுக்கு அன்லாக் கீ வரும். அதைப் போட்டால் பழையபடி.

பெரும்பாலும் கோளாறு அந்த மின்னஞ்சலில்தான் இருக்கும். ஐந்து வருடம் முன்பு வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் தனிப்பட்ட முகவரியாக இருக்கும். அவர் எடுத்தால் உண்டு. ஆகவே, டிஸ்க்கைத் தொடும் முன் முதலாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டேலி மெயில் யாருது?"

லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் எஜுகேஷனல் மோடில் ஓடும். 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். கணக்கு அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. லைசென்ஸை எப்படியாவது மீட்கலாம், கணக்கை மீட்க முடியாது. ஆகவே 10000, 10001 என்று எண் பெயர் போட்ட கோப்புறைகள் இருக்கும் டேட்டா கோப்புறையை முதலில் பென் டிரைவில் எடுத்துவிட்டு அப்புறம் சரண்டரைப் பற்றிப் பேசலாம்.

சின்ன ஊர் பில்லிங் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் எங்கே என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. எடை போட்டு விலை கணக்கிடும் பில்லிங் புரோகிராம், யாரோ ஒரு தம்பி எழுதிக் கொடுத்தது. அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. நான் வழக்கம்போலப் புது எஸ்.எஸ்.டி.யில் புது விண்டோஸ் போட்டு, புரோகிராம் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்தேன். திறந்தால் ஒரே வரி: இந்த சிஸ்டத்துக்கு அனுமதி இல்லை.

மதர்போர்டு அதே, பிராசஸர் அதே, நெட்வொர்க் கார்டு அதே. மாறியது டிஸ்க் மட்டும். பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி, கருப்புத் திரையைத் திறந்து வி, ஓ, எல் என்று மூன்றெழுத்துத் தட்டினேன். நாலு நாலாகப் பிரித்த எட்டு இலக்கம் ஒன்று வந்தது, பி4இ7-10டி2 மாதிரி. புது டிஸ்க்கில் தட்டினால் வேறு எட்டு இலக்கம். புரோகிராம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்ணைத்தான். அதற்குப் பெயர் வால்யூம் எண்.

அந்த எண் டிஸ்க் கம்பெனி கொடுப்பது அல்ல. ஒரு பகுதியை ஃபார்மட் செய்யும் நொடியில், அந்தத் தேதியையும் நேரத்தையும் வைத்து விண்டோஸ் உண்டாக்குவது. ஃபார்மட் அடித்தால் அதே டிஸ்க்கிலும் எண் மாறிவிடும். அது அந்தப் பகுதியின் முதல் செக்டரில் எழுதப்பட்டிருப்பதால், முழு டிஸ்க்கையும் அச்சு அசலாக நகலெடுத்தால், அதாவது குளோன் செய்தால், எண்ணும் கூடவே வந்துவிடும். டிஸ்க் கம்பெனி கொடுக்கும் சீரியல் எண் வேறு. அது டிஸ்க்கின் உள் மென்பொருளில் இருக்கும், எந்தக் குளோனிலும் வராது. புரோகிராம் எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் தலைவிதி.

அன்று ராத்திரி கடை மூடியதும் குளோன் எடுக்கும் மென்பொருளான குளோன்ஸில்லாவை ரெஸ்க்யூ முறையில் ஓடவிட்டேன், கெட்ட செக்டர் வந்தால் நிற்காமல் தாண்டிப் போகட்டும் என்று. பழையது 500 ஜிபி, புதியது 512 ஜிபி. குளோன்ஸில்லாவுக்குப் புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், 256 வாங்கியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். காலையில் வி, ஓ, எல் தட்டினேன், பழைய எட்டு இலக்கம் வந்தது. பில் திறந்தது. முதலாளி டபராவை ஆற்றிக்கொண்டே, "இதை நேத்தே பண்ணியிருக்கலாமே தம்பி" என்றார். பண்ணியிருக்கலாம்தான்.

அன்றிலிருந்து, எழுதியவர் கிடைக்காத மென்பொருள் ஒன்று இருந்தாலும் புது நிறுவல் என்ற பேச்சே இல்லை, குளோன்தான். எழுதியவர் கிடைத்தால் அவரிடமே கேட்டுப் புதுக் கோப்பு வாங்கிவிடுவது நல்லது. அடுத்த டிஸ்க்கும் ஒருநாள் கடகடக்கும்.

பெரிய கம்பெனி மென்பொருள்களும் இதே எண்ணைப் பார்க்குமா?

சில பார்க்கும். மேட்லேப் என்ற கணிதக் கணிப்பு மென்பொருளின் தனியாள் லைசென்ஸ் விண்டோஸ் கணினியில் சி டிரைவின் இந்த வால்யூம் எண்ணையே அடையாளமாகக் கேட்கிறது. பொறியியல் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் சரிபார்க்கும் முறையில் வால்யூம் எண்ணையும் வைக்கலாம், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியையும் வைக்கலாம். மேக் முகவரி என்றால் டிஸ்க் மாற்றத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் அந்த முகவரி ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டருடையதாக இருந்தால், அதைத் தொலைத்த அன்று லைசென்ஸும் தொலைந்தது.

அடோபி கிரியேட்டிவ் கிளவுட் கணக்கை வைத்துப் பார்க்கிறது, இரண்டு கணினி வரை உள்நுழைந்திருக்கலாம். பழைய டிஸ்க் செத்துவிட்டாலும் புதியதில் உள்ளே நுழையும்போது மற்றதை வெளியேற்றச் சொல்லிக் கேட்கும், முடிந்தது. ஆனால் சந்தாவுக்கு முந்தைய பெட்டி மென்பொருள்களின் கதை வேறு. ஃபோட்டோஷாப் சிஎஸ்2இன் ஆக்டிவேஷன் சர்வரை 2012 டிசம்பரில் அடோபி நிறுத்திவிட்டது. முறையாக வாங்கியவர்களுக்காக, ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பைத் தனிச் சீரியலோடு கொடுத்தார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சர்வர் போன மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் என் யோசனை குளோன்தான்.

குளோன் அவ்வளவு நல்லதென்றால் எப்போதும் குளோனே செய்துவிடலாமே?

ஏழு வருடக் குப்பை, அரைகுறையாக நீக்கிய மூன்று ஆன்டிவைரஸ், இவையும் அப்படியே புது டிஸ்க்குக்கு வரும். லைசென்ஸ் சிக்கல் இல்லாத வீட்டு லேப்டாப் என்றால் நான் புது நிறுவலைத்தான் சொல்வேன்.

குளோன் செய்தால் சி டிரைவை மட்டும் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் எடுங்கள், பூட் ஆவதற்கான சின்னப் பகுதி தனியாக இருக்கிறது. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும்.

பழைய டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் பாஸ்வேர்டு எதுவும் வைக்கவில்லையே?

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. பிட்லாக்கர் குறியாக்கம் அது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்த பல புது லேப்டாப்புகளில் இது தானாகவே ஆனாகிவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான மெஷின்களில். சாவி மதர்போர்டிலுள்ள டிபிஎம் சிப்பில் இருப்பதால், அதே மெஷினில் இருக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அது அந்நியனைப் பார்த்த நாய் மாதிரி நிற்கும்.

அந்த 48 இலக்கம் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதியில் இருக்கும். கல்லூரி அல்லது அலுவலக மின்னஞ்சலால் லேப்டாப்பை ஆரம்பித்திருந்தால் அங்குள்ள கணினிப் பிரிவிடம் இருக்கும். இறுதியாண்டு மாணவி ஒருத்தி போர்டு போன லேப்டாப்போடு வந்தாள். புராஜெக்ட் அறிக்கை முழுக்க டிஸ்க்கில். சொந்தக் கணக்கில் தேடினோம், இல்லை. முதலாம் ஆண்டில் கல்லூரி கொடுத்த மெயிலில் நுழைந்தது அவளுக்கு நினைவே இல்லை. கணினிப் பிரிவுக்குப் போன் போட்டு, எட்டுக் குழுவாக ஆறு ஆறு இலக்கம் அவர்கள் சொல்லச் சொல்ல, நான் தட்ட, ஒரு இலக்கம் பிசகி மறுபடி ஆரம்பித்து, திறந்தது. அந்த எண் கிடைக்காவிட்டால் எந்தக் கடையிலும் ஒன்றும் செய்ய முடியாது. செய்து தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குளோன் செய்வதாக இருந்தாலும் முதலில் குறியாக்கத்தை முழுதாக நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள். நேரம் பிடிக்கும். பரவாயில்லை.

மதர்போர்டே போய்விட்டது. விண்டோஸ்?

வாரன்டியில் கம்பெனியே மாற்றிக் கொடுத்தால் உரிமம் தொடரும், புதிதாக வாங்கத் தேவையில்லை. கீயைப் புதுப் போர்டில் எழுதிக் கொடுத்தார்களா என்று சர்வீஸ் சென்டரிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் இன்னொரு நாள் லீவு போட வேண்டும்.

நீங்களே அசெம்பிள் செய்த கணினியில் ரீடெயில் விண்டோஸ் என்றால், ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரை ஓட்டி, "சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இணைத்த அதே கணக்கில் நுழையுங்கள். பட்டியலில் உங்கள் பழைய கணினியின் பெயர் இருக்கும். இங்கேதான் பெயர் வைத்திருந்தவர்கள் பிழைப்பார்கள். டெஸ்க்டாப் என்று தொடங்கி ஏழு எழுத்துக் கசமுசாவோடு நான்கு மெஷின் இருந்தால் எது எதென்று கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிடும். சி004எஃப்211 என்று முடியும் பிழை எண் வந்தால் ஹார்ட்வேர் மாறியது தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம், கீ தவறு என்றல்ல.

ஓஇஎம் என்றால், வாரன்டிக்கு வெளியே வேறு மாடல் போர்டு மாற்றினால், ஒப்பந்தப்படி அது புதுக் கணினி.

ஆபீஸ்?

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் கணக்கில் நுழைந்தால் போதும், ஒரே நேரத்தில் ஐந்து சாதனம் வரை. லேப்டாப்போடு வந்த ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் வகையும் முதல் நாள் எந்தக் கணக்கில் பதிவானதோ அதில்தான் இருக்கும். அந்த முதல் நாள்தான் வில்லங்கம். லேப்டாப் வாங்கிய அவசரத்தில் கடைப்பையன் தன் வசதிக்கு ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, பாஸ்வேர்டைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருப்பான். அந்தப் பில்லைத் தேடுங்கள்.

2013 பதிப்பை முதலில் வெளியிட்டபோது ஒரு கணினியில் போட்டது அதோடு சரி, மாற்ற முடியாது என்று விதி வைத்தார்கள். வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் 2013 மார்ச்சிலேயே அதைத் தளர்த்தினார்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டாங்கிள் இதெல்லாம்?

கவலைப்பட வேண்டாம். ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு வேலைகளுக்கான கையெழுத்துச் சான்றிதழ் யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை. டோக்கனின் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும். டாங்கிள் (லைசென்ஸைத் தனக்குள் வைத்திருக்கும் யுஎஸ்பி துண்டு) வைத்த டிசைன் மென்பொருள்களும் அப்படியே.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் கீ விற்கிறார்களே?

பல, யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தக் கீயிலிருந்து கசிந்தவை. இன்று ஏற்கும், கணக்கு மீறியது தெரிந்தால் முடக்கப்படும். இன்னொரு வகை, கேஎம்எஸ் என்ற நிறுவன முறையைப் போலி சர்வர் வைத்து ஏமாற்றும் "ஆக்டிவேட்டர்". கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாள்தான் செல்லும், அதற்குள் சர்வரோடு பேசிப் புதுப்பித்தாக வேண்டும். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆக்டிவேஷன் போகுது" என்று யாராவது சொன்னால் எனக்கு அங்கேயே விளங்கிவிடும்.

திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. வியாபார லாபத்துக்கு அல்ல என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு விடலாம். கடை வைத்திருப்பவர்கள் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

காசு கொடுத்து வாங்கியதைப் பேக்கப் எடுப்பது தப்பா?

இல்லை. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வைத்திருப்பவர் மென்பொருள் அழிந்துபோகாமல் இருக்கப் பேக்கப் நகல் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. ஆனால் ஓஇஎம் உரிமத்தைக் கணினியிலிருந்து பிரித்து விற்கலாமா என்பதெல்லாம் வேறு கேள்வி. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பிரித்து விற்பதற்கு இடம் கொடுத்தது. 2012 ஜூலை 3இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் வழக்கில், நிரந்தர உரிமமாக விற்ற மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம், தன் நகலை அழித்துவிட வேண்டும் என்று சொன்னது. அங்கிருந்து வரும் மலிவுக் கீ விளம்பரங்கள் இந்தத் தீர்ப்புகளைத்தான் காட்டுகின்றன. நம்மூரில் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை.

வீட்டில் பழைய விண்டோஸ் 7 கீ இருக்கிறது. 11க்குப் போடலாமா?

2023 செப்டம்பர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது. அதற்கு முன்பே அந்த மெஷினில் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த டிஜிட்டல் லைசென்ஸ் இன்னும் செல்லும்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? ஃபார்மட் அடித்து அதிலேயே படம் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். எந்தெந்த மென்பொருள் ஆக்டிவேஷன் கேட்கும் என்பது மாதக்கடைசியில்தான் முழுதாகத் தெரியும். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் மாதம் ஒரு தடவைதான் திறக்கப்படுகிறது. சரண்டர் செய்ய மறந்த ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தால் பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி, அந்த ஒரு பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் கழற்றிவிடலாம். அதுவரைக்கும் மேலே தேதி எழுதி ஒட்டி, மேஜை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.